தவக்காலத்தில் ஒரு பழக்கத்தை மாற்றுவோம்

(திருநீற்றுப் புதனுக்கு முந்திய ஞாயிறு பின்னேரம், தோட்டக் கோவில் மண்டபத்தில் நடந்த குடும்பக் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை. வர முடியாத குடும்பங்களுக்காக இங்கே தருகிறோம்.)



இந்தப் பனிக் குளிரிலே, கிழமைக்கு ஒரு நாள் கிடைக்கிற ஓய்வையும் விட்டுவிட்டு, மேல் பிரிவிலிருந்தும் கீழ்ப் பிரிவிலிருந்தும் இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள். விடிந்தால் பெரட்டு. அதனாலே நீட்டி முழக்காமல் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கப் பார்க்கிறோம்.

வருகிற புதன்கிழமை திருநீற்றுப் புதன். நம் பாட்டன் பூட்டன் காலத்தில் தபசுகாலம் என்பார்கள். இப்போது தவக்காலம் என்கிறோம். சுவாமி எங்களைக் கூப்பிட்டு, "செபத்தைப் பற்றி நான் பிரசங்கத்தில சொல்றேன். பழக்கவழக்கத்தைப் பற்றி நீங்க பேசுங்க. வீடு வீடா ஏறி இறங்குறவங்க நீங்கதானே" என்றார். வீடு வீடாக ஏறி இறங்குவது உண்மைதான். பார்த்ததை வைத்துத்தான் பேசப் போகிறோம். யாரையும் சுட்டிக் காட்டுவதற்கு இல்லை. நாங்களும் லயத்திலே பிறந்தவர்கள்தான்.

நாற்பது நாள் கணக்கு

திருநீற்றுப் புதனிலிருந்து உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய சனி வரைக்கும் எண்ணிப் பார்த்தால் 46 நாள் வரும். "நாற்பது நாள் என்றுதானே சொல்றாங்க, மிச்சம் ஆறு எங்கே?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். இடையில் ஆறு ஞாயிறு வருகிறது. ஞாயிறு ஆண்டவர் உயிர்த்த நாள் என்பதால் அதை ஒறுத்தல் நாளாக எண்ணுவதில்லை. ஆறைக் கழித்தால் நாற்பது. இயேசு பாலைவனத்தில் நோன்பிருந்த நாற்பது நாளை நினைத்து வைத்த கணக்கு இது. 2026ஆம் ஆண்டை எடுத்துக்கொண்டால் பெப்ரவரி 18 திருநீற்றுப் புதன், ஏப்ரல் 5 உயிர்த்த ஞாயிறு. நெற்றியில் பூசுகிற சாம்பல், போன வருடம் குருத்தோலை ஞாயிறன்று நாம் கையில் பிடித்த அதே குருத்தை எரித்து எடுத்தது.

ஒருசந்தி, சுத்தபோசனம் இரண்டும் வேறு வேறு. ஒருசந்தி என்றால் ஒரு வேளை மட்டும் வயிறாரச் சாப்பிட்டு மற்ற இரண்டு வேளையும் கொஞ்சமாக எடுப்பது. 18 வயது முதல் 59 வயது வரைக்கும் உள்ளவர்களுக்குத்தான் அது கடமை. அதுவும் திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் மட்டுமே கட்டாயம். சுத்தபோசனம் என்றால் இறைச்சியை விலக்குவது. அது 14 வயதிலிருந்து. நோயாளிகளுக்கும், பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும், பால் கொடுக்கிற தாய்மாருக்கும் ஒருசந்திக் கடமை இல்லை. இதைத் தெரியாமல் சில தாய்மார் வயிற்றில் பிள்ளையோடு பட்டினி கிடக்கிறார்கள். பிறகு கிளினிக்கிலே மயங்கி விழுகிறார்கள். அதனால்தான் முதலிலேயே சொல்லி வைக்கிறோம்.

இங்கே சைவக் குடும்பங்களும் நிறைய வந்திருக்கிறீர்கள். உங்களுக்கும் இது புதிது இல்லை. மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினால் மச்சம் மாமிசம் கிடையாது, குடி கிடையாது. ஐயப்பனுக்கு மாலை போட்டால் 41 நாள் விரதம். மாசியிலே காமன் கம்பம் ஊன்றினால் வேஷம் கட்டுகிறவர்கள் சுத்தபத்தமாக இருப்பார்கள். நம் கடைத்தெரு முஸ்லிம் சகோதரர்கள் ரமழான் மாதம் முழுக்கப் பகலில் பச்சைத் தண்ணீரும் குடிப்பதில்லை. கோவில் வேறு, பெயர் வேறு. ஆனால் மனுஷன் தன்னைத்தானே பிடித்து நிறுத்திப் பார்க்கிற காலம் ஒன்று வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.

விடுவதற்குச் சுகமானதை விடுவது

எங்கள் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லுகிறோம். பல வருடமாக நாங்கள் தவக்காலத்தில் இறைச்சியை விட்டுவிடுவோம். நாற்பது நாளும் தொடமாட்டோம். மனதுக்குள்ளே அதில் ஒரு பெருமையும் இருந்தது. ஒரு வருடம் வீட்டுக்காரம்மா கேட்டார்: "மாசத்துல ரெண்டு தரம்தானே நம்ம வீட்டுல இறைச்சி. அதை விடுறதுல என்ன இருக்கு? அந்தக் கோவத்தை விட்டீங்கன்னா போதும், நானும் பிள்ளைகளும் நிம்மதியா இருப்போம்."

முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. ஆனால் அவர் சொன்னது சரி. பகலெல்லாம் ஆபீசிலும் லயத்திலும் பொறுமையாகப் பேசிவிட்டு, வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கத்துகிற பழக்கம் எங்களிடம் இருந்தது. அந்த வருடம் அதைத்தான் விடுவது என்று முடிவு செய்தோம். கலண்டரில் கோடு போடுகிற வேலையை மகளிடம் கொடுத்தோம். கத்தினால் ஒரு கோடு. முதல் கிழமையில் ஒன்பது கோடு விழுந்தது. மூன்றாம் கிழமையில் ஐந்து. பெரிய கிழமையில் இரண்டு. இன்னும் முழுதாகப் போகவில்லை. ஆனால் இப்போது நாங்கள் வீட்டுக்கு வந்தால் பிள்ளைகள் உள் அறைக்குப் போய் ஒளிவதில்லை. இறைச்சியை விட்ட இருபது வருடத்தில் கிடைக்காத பலன் அது.

எது விடுவதற்குச் சுகமோ, அதை விடுவதில் பெரிய பலன் இல்லை. எதை விடச் சொன்னால் நமக்குக் கோபம் வருகிறதோ, அங்கேதான் பழக்கம் ஒளிந்திருக்கிறது. அதை நமக்குச் சொல்லக் கூடியவர்கள் நம் வீட்டு ஆட்கள். இன்றைக்கு ராத்திரி வீட்டுக்குப் போய், "நான் எதை மாத்தினா உங்களுக்கு நல்லது?" என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளைகளிடமும் கேளுங்கள். சொன்னதற்காகக் கோபிக்கக் கூடாது, அவ்வளவுதான்.

குடியை விடுகிறவர்கள் கவனத்துக்கு

இனிச் சொல்லப் போவது எங்கள் தவறு. சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் சொல்லாமல் விட்டால் இன்னொரு குடும்பம் பாதிக்கப்படும்.

சில வருடத்துக்கு முன்னர், வேறொரு தோட்டத்தில் வேலை பார்த்தபோது, இதே மாதிரி ஒரு கூட்டத்தில் பேசினோம். பேசிய உற்சாகத்தில், "இன்றைக்கே குடியை விடுகிறவர்கள் எழும்பி முன்னால் வாருங்கள்" என்றோம். ஒரு அண்ணன் வந்தார். கவ்வாத்துக் கத்தி பிடிப்பதில் அந்தப் பிரிவிலேயே அவரை மிஞ்ச ஆளில்லை. ஆனால் விடிந்ததும் கால் போத்தல் உள்ளே போகாவிட்டால் கை நடுங்கும். அப்படிப் பல வருடப் பழக்கம். எல்லாரும் கை தட்டினார்கள். நாங்களும் தட்டினோம்.

புதன்கிழமை சாம்பல் பூசிக்கொண்டு போனவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஒரு சொட்டுத் தொடவில்லை. வியாழக்கிழமை வியர்த்துக் கொட்டியது, வாந்தி எடுத்தார், கை நடுங்கியது. வெள்ளிக்கிழமை இரவு சுவரெல்லாம் பூச்சி ஊருது என்று கத்தினாராம். பிறகு வலிப்பு. வீட்டார் பயந்துபோய், "ஆத்தங்கரை முனி அடிச்சிருச்சு" என்று கோடாங்கியைக் கூட்டி வந்துவிட்டார்கள். விடிய விடிய உடுக்கைச் சத்தம். காலையில்தான் எங்களுக்கு ஆள் வந்தது. தோட்ட லொறியில் போட்டு வைத்தியசாலைக்குக் கொண்டு போனோம். டொக்டர் பார்த்துவிட்டு, "நல்ல நேரத்தில கொண்டு வந்தீங்க. யாரு இவரை ஒரேயடியா நிப்பாட்டச் சொன்னது?" என்று கேட்டார். அந்த அண்ணனின் மனைவி எங்களைத் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை.

அவர் பிழைத்தார். ஆனால் அந்தப் பார்வை எங்களுக்கு இன்றைக்கும் மறக்கவில்லை.

அதனாலே தெளிவாகச் சொல்லுகிறோம். எப்போதாவது குடிக்கிறவர்கள் நாளைக்கே நிறுத்தலாம், பயமில்லை. ஆனால் நாள் தவறாமல் நிறையக் குடிக்கிறவர்கள், காலையில் குடிக்காவிட்டால் கை நடுங்குகிறவர்கள், முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்தவர்கள், தாங்களாக ஒரேயடியாக நிறுத்தக் கூடாது. முதலில் வைத்தியசாலைக்குப் போய் டொக்டரிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். உடம்பு குடிக்குப் பழகிப் போயிருக்கும். அது திடீரென்று நின்றால் முதல் மூன்று நான்கு நாள்தான் ஆபத்து. நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிவது, வலிப்பு எல்லாம் வரலாம். உயிரும் போகலாம். இது முனியும் இல்லை, பேயும் இல்லை. இதற்கு மருந்து இருக்கிறது. கடுமையாக இருந்தால் சில நாள் வாட்டில் வைத்துப் பார்ப்பார்கள். போக வெட்கப்படுகிறவர்கள் எங்களிடம் வாருங்கள், கூடவே வருகிறோம். 1926 என்ற இலக்கத்துக்குப் போன் எடுத்தால் தேசிய மனநல நிறுவனத்தில் எந்த நேரமும் பேசலாம்.

அந்த அண்ணன் வைத்தியசாலையிலிருந்து வந்த பிறகு கிளினிக்குக்குப் போய் வந்தார். இரண்டு தரம் சறுக்கி விழுந்தார். இரண்டு தரமும் எழும்பினார். நாங்கள் அந்தத் தோட்டத்திலிருந்து மாற்றலாகி வரும்போது ஏழு மாதமாகத் தொடாமல் இருந்தார். கையில் நடுக்கம் இல்லாமல் எங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தார்.

காசுக் கணக்கையும் ஒரு தரம் போட்டுப் பார்ப்போம். ஒருவர் குடிக்கு ஒரு நாளைக்கு 400 ரூபா செலவழிக்கிறார் என்று வைப்போம். நாற்பது நாளைக்கு 16,000 ரூபா. வெற்றிலை பாக்கு சிகரட்டுக்கு 100 ரூபா என்றால் 4,000. இரண்டும் சேர்த்து 20,000. நகை அடகுக் கடையில் கிடக்கிறது, பாடசாலைச் சப்பாத்துக்குக் காசு இல்லை என்கிறோம். அந்த 20,000 எங்கே போனது என்று நாமே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்குச் சாராயமும் சிகரட்டும் விற்கக் கூடாது. "ஓடிப் போய் ரெண்டு சிகரட் வாங்கிட்டு வா" என்று பிள்ளையை அனுப்புகிற பழக்கத்தையும் இந்தத் தவக்காலத்தோடு விட்டுவிடலாம்.

வாயிலே கிடக்கிற வெற்றிலை

குடியைப் பற்றிப் பேசும்போது அக்காமார் நன்றாகத் தலையாட்டினீர்கள். இனி உங்கள் பக்கமும் கொஞ்சம் வருகிறோம்.

மலையில் குளிருக்கும் பசிக்கும் வெற்றிலைதான் துணை என்று சொல்லுவீர்கள். எங்கள் அம்மாவும் அப்படித்தான். மடியில் வெற்றிலைப் பை இல்லாமல் பெரட்டுக்குப் போனதில்லை. ஆனால் நம் நாட்டில் ஆண்களுக்கு வருகிற புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோய்தான் முன்னுக்கு நிற்கிறது. வெற்றிலை போடுகிற பெண்களுக்கும் அது வருகிறது. வெற்றிலையைப் புகையிலையோடு போட்டாலும், புகையிலை இல்லாமல் பாக்குச் சுண்ணாம்போடு போட்டாலும் புற்றுநோய் வரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2004இல் வெளியிட்ட அறிக்கையில் சொல்லிவிட்டது. "நான் போயிலை போடல, வெறும் பாக்குதான்" என்பது காவல் இல்லை. பொட்டலத்தில் வந்த வாசனைப் புகையிலை வகைகளை 2016இல் அரசாங்கம் தடை செய்தது. அப்படியிருந்தும் ஒளித்து விற்கிறார்கள். வாங்காதீர்கள்.

கண்ணாடியில் வாயைத் திறந்து பாருங்கள். வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு மூன்று கிழமையாகியும் ஆறாத புண், உறைப்புப் பட்டால் தாங்க முடியாத எரிச்சல், முன்பு மாதிரி வாயைப் பெரிதாகத் திறக்க முடியாமை, இதில் ஒன்று இருந்தாலும் பல் வைத்தியரிடம் காட்டுங்கள். நேரத்தோடு காட்டினால் காப்பாற்றலாம்.

ஒரேயடியாக முடியாது என்றால் மலையில் போடுவதை முதலில் விடுங்கள். மடியில் வெற்றிலைக்குப் பதிலாக வறுத்த கடலையோ நெல்லிக்காயோ கராம்பு இரண்டோ இருக்கட்டும். வாய்க்கு ஏதாவது ஒரு வேலை கொடுத்தால் பாதிக் கஷ்டம் குறையும்.

ஒருசந்தி யாருக்கு, வேலை யாருக்கு?

நாங்கள் வீடுகளில் பார்த்த இன்னொன்று. ஐயா ஒருசந்தி இருக்கிறார். அவருக்கு மரக்கறி தனியாக, பிள்ளைகளுக்குக் கறி தனியாக. விடிய நாலரைக்கு எழும்பி இரண்டு அடுப்பு மூட்டுகிறவர் அம்மா. ரொட்டி தட்டி, தண்ணீர் பிடித்து, பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு, மலைக்கு ஓடி, பின்னேரம் கொழுந்து நிறுத்து, மறுபடி அடுப்படி. ஐயா கொந்தரப்பை முடித்து மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டார். அவர் ஒருசந்திக்காரர், சோர்வாக இருக்கிறார், கட்டிலில் படுத்திருக்கிறார். இதில் யாருடைய தவம் பெரிது?

ஆண்களே, உங்களுக்கு ஒரு நல்ல ஒறுத்தல் சொல்லட்டுமா? இந்த நாற்பது நாளும் பின்னேரத் தண்ணீர் உங்கள் பொறுப்பு. விறகு உங்கள் பொறுப்பு. பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவிலிருந்து கூட்டி வருவது உங்கள் பொறுப்பு. அம்மா மலையிலிருந்து வரும்போது அடுப்பில் சோறு வெந்துகொண்டிருக்கட்டும். "ஆம்பிளை அடுப்படிக்குப் போறதா?" என்று பக்கத்துக் காம்பராவில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அந்தச் சிரிப்பைத் தாங்குவதும் தவக்காலத்து ஒறுத்தல்தான். கையை நீட்டுகிற பழக்கம் உள்ளவர்கள் அதை நாற்பது நாளைக்கு அல்ல, இன்றோடு நிறுத்த வேண்டும். அடி வாங்கிக்கொண்டு வாய் திறக்காமல் இருக்கிற தங்கச்சிமார் 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஆபீஸ் கதவும் திறந்துதான் இருக்கும்.

தாய்மாருக்கு நாங்கள் சொல்வது இதற்கு நேர் எதிரானது. நீங்கள் சாப்பிடுங்கள். உங்களில் பல பேர் வருடம் முழுக்க ஒருசந்திதான் இருக்கிறீர்கள். காலையில் வெறும் தேத்தண்ணியோடு மலை. இரவில் எல்லாருக்கும் போட்டுவிட்டுச் சட்டியில் ஒட்டினது உங்களுக்கு. கிளினிக்கில் இரத்தம் குறைவு என்று சொல்லாத தாய் குறைவு. நாற்பது நாளைக்கு ஒரு புதுப் பழக்கம் எடுங்கள்: காலையில் ஏதாவது சாப்பிடாமல் மலை ஏறுவதில்லை. இரவில் குடும்பத்தோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது. வாரத்தில் மூன்று நாளாவது முருங்கைக்கீரை, வல்லாரை, பருப்பு, நெத்தலி. கீரையோடு கொஞ்சம் தேசிக்காய்ப் புளி.

இன்னொன்று. நாம் தேயிலைக்காரர்கள், இதைச் சொன்னால் கோபிக்காதீர்கள். சாப்பாட்டோடு சேர்த்துத் தேத்தண்ணி குடித்தால் சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. தேயிலையில் இருக்கிற துவர்ப்புத்தான் காரணம். குடிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் போகட்டும், பிறகு குடியுங்கள். கிளினிக்கில் தருகிற இரும்புக் குளிசையையும் தேத்தண்ணியோடு விழுங்காதீர்கள்.

உயிர்த்த ஞாயிறன்று என்ன நடக்கிறது?

நாற்பது நாள் நிறுத்துகிறவர்கள் நம் தோட்டத்தில் குறைவில்லை. மாலை போட்டு 41 நாள் இருந்தவர், மாலையைக் கழற்றின அன்றே கடைக்குப் போகிறார். தபசுகாலம் முழுக்கத் தொடாதவர், உயிர்த்த ஞாயிறு பூசை முடிந்து பத்து மணிக்கே மிதக்கிறார். நாற்பது நாளுக்கும் சேர்த்து ஒரே நாளில் குடித்த மாதிரி. அப்படியென்றால் அந்த நாற்பது நாளும் அவர் விட்டது பழக்கத்தை இல்லை. நாளை எண்ணிக்கொண்டு காத்திருந்தார், அவ்வளவுதான்.

பழக்கம் என்பது ஒரு தடம் மாதிரி. மடுவத்தில் கொழுந்து நிறுத்து முடிந்ததும் கால் தன்பாட்டில் கடைப் பக்கம் திரும்புகிறது. மூளையைக் கேட்டா திரும்புகிறது? நேரம், இடம், கூட்டாளி, இந்த மூன்றும் சேர்ந்தால் பழக்கம் தானாக எழும்பும். ஆகவே வெறுமனே "விட்டுவிட்டேன்" என்றால் போதாது. அந்த நேரத்துக்கு வேறு வேலை வேண்டும், வேறு வழி வேண்டும். அசுத்த ஆவி ஒன்று வெளியேறிப் போய், வீடு கூட்டி வெறுமையாகக் கிடப்பதைக் கண்டு இன்னும் ஏழு பேரைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்த கதையை நற்செய்தியில் கேட்டிருக்கிறீர்கள். வெறுமையாக விட்டால் அதுதான் நடக்கும். கடைக்குப் போன நேரத்தில் மரக்கறிப் பாத்தியைக் கொத்தலாம், மாட்டுக்குப் புல் அறுக்கலாம், பிள்ளையின் கொப்பியைத் திறந்து பார்க்கலாம். எழுத்துத் தெரியாவிட்டால் என்ன, "இன்னைக்கு என்ன படிச்ச?" என்று பக்கத்தில் உட்கார்ந்தாலே பிள்ளைக்குப் போதும்.

ஒரு பழக்கம் படிய எத்தனை நாள் ஆகும் என்று லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரை வைத்துப் பார்த்தார்கள். 2009இல் அதன் முடிவு வெளிவந்தது. சராசரியாக 66 நாள். சிலருக்கு 18 நாளில் படிந்தது, சிலருக்கு 254 நாள் வரைக்கும் போகும் என்று கணக்கிட்டார்கள். இடையில் ஒரு நாள் தவறினால் எல்லாம் கெட்டுப் போவதில்லை என்பதையும் கண்டார்கள். ஆக, தவக்காலம் பாதிக்கு மேல் தூக்கிக் கொண்டு போய் விடும். மிச்சத்தை நாம்தான் நடக்க வேண்டும். ஞாயிறுகளையும் சேர்த்து 46 நாள், அதோடு இன்னும் 20 நாள். 2026இல் பெப்ரவரி 18 தொடங்கினால் 66ஆவது நாள் ஏப்ரல் 24. இடையில் உயிர்த்த ஞாயிறும் வருகிறது, சித்திரை வருஷமும் வருகிறது. அந்த இரண்டு நாளையும் தாண்டிவிட்டால் பாலம் கடந்த மாதிரி.

செய்து பார்க்க ஆறு காரியம்

1. ஒரே ஒரு பழக்கத்தை எடுங்கள். குடி, வெற்றிலை, சீட்டு, கெட்ட வார்த்தை, கடன், இரவெல்லாம் போன் பார்ப்பது என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் விடப் போனால் ஒன்றும் நடக்காது.

2. எதை விடுகிறீர்கள், அந்த நேரத்தில் அதற்குப் பதில் என்ன செய்யப் போகிறீர்கள் என்பதை வீட்டாருக்குச் சொல்லுங்கள். கலண்டரில் பிள்ளை குறிக்கட்டும்.

3. ஒரு கூட்டாளியைச் சேருங்கள். அண்ணன் தம்பியோ மச்சானோ பக்கத்துக் காம்பரா ஆளோ, இரண்டு பேராக விடுவது சுகம்.

4. மிச்சமாகிற காசை அன்றன்றைக்கே உண்டியலில் போடுங்கள். எங்கள் அப்பா பால்மா டின்னில் ஓட்டை போட்டு வைத்திருப்பார். பெரிய வெள்ளிக்கு முன் அதைத் திறந்து, ஒரு பங்கு தன்னை விட இல்லாதவருக்கு, மிச்சம் வீட்டுக்கு. கொடுத்ததை ஊருக்குச் சொல்லித் திரியக் கூடாது.

5. ஞாயிறு ஒறுத்தல் இல்லை என்பது சாப்பாட்டுக்கு. குடிக்கும் புகையிலைக்கும் ஞாயிறு லீவு கிடையாது. ஒரு ஞாயிறு ஆறு நாளை அழித்துவிடும்.

6. சறுக்கினால் அடுத்த நாள் காலையில் மறுபடி தொடங்குங்கள். "கெட்டது கெட்டுப் போச்சு, இனி என்ன" என்று மிச்ச நாளையும் விட்டுவிடாதீர்கள். வீட்டாரும் குத்திக் காட்டாதீர்கள்.

பிள்ளைகளுக்கும் ஒன்று. நீங்கள் இனிப்பை விடுகிறோம், டொபியை விடுகிறோம் என்று சொல்லுவீர்கள். நல்லது. அதோடு அம்மா மலையிலிருந்து வருமுன் போனைக் கீழே வைத்துவிட்டு வீட்டைக் கூட்டி வையுங்கள். அதற்குக் காசு வேண்டியதில்லை.

கவ்வாத்து வெட்டின மலையை நாமெல்லாரும் பார்த்திருக்கிறோம். பச்சை ஒன்றும் இல்லாமல் குச்சி குச்சியாக நிற்கும். தெரியாதவன் பார்த்தால் மரம் செத்துவிட்டது என்பான். நமக்குத் தெரியும், வெட்டாமல் விட்டால்தான் செடி கைக்கு எட்டாமல் மரமாகிக் கொழுந்து கெட்டுப் போகும். வெட்டின மறுநாளே கொழுந்து எடுக்கப் போகிறவனும் கிடையாது. மாதக்கணக்கில் பொறுத்திருக்கிறோம். அந்தப் பொறுமையை நம் வீட்டு மனுஷருக்கும் கொஞ்சம் காட்டுவோம்.

புதன்கிழமை பெரட்டுக்கு முந்தி விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரு பூசையும், பின்னேரம் ஆறு மணிக்கு ஒரு பூசையும் இருக்கிறது. கொழுந்து மலைக்குப் போகிறவர்கள் வசதிப்படி வரலாம். அன்றைக்கு நாங்களும் மண்டபத்து வாசலில் இருப்போம். குடியை விட விரும்புகிறவர்கள் கை தூக்க வேண்டாம், முன்னால் வர வேண்டாம். போகிற போக்கில் காதோடு ஒரு வார்த்தை சொல்லுங்கள். வியாழக்கிழமை கிளினிக்குக்கு நாங்கள் கூட வருகிறோம்.

தேத்தண்ணி தயாராக இருக்கிறது. இன்னும் யாரும் சாப்பிடவில்லை, ஆகவே தாராளமாகக் குடிக்கலாம்.